கூர்ப்புப் பாடமும் எமது ஈமானும்: வன்னி வகுப்பறையிலிருந்து ஒரு கேள்வி

கடந்த தவணைப் பரீட்சையின் உயிரியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு தாளில் என் பேனை நின்றுவிட்டது. வகுப்பில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வருகின்ற மாணவியின் தாள் அது. கலம், நொதியம், ஒளித்தொகுப்பு என எல்லா வினாக்களுக்கும் நன்றாக விடை எழுதியிருந்தாள். கூர்ப்பு பற்றிய வினாவுக்கு மாத்திரம் ஒரு வரிகூட இல்லை. வினா இலக்கத்தை எழுதி, அதன் கீழ் அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

மறுநாள் அழைத்துக் கேட்டேன். “படிக்கல்லயா மகள்?”

“படிச்சேன் சேர். எல்லாம் தெரியும். எழுதத்தான் பயமா இருந்துச்சு. எழுதினா ஈமானுக்கு ஏதும் ஆகிடுமோண்டு…”

யாரோ ஒருவருடைய பயான் கைப்பேசியில் சுற்றி வந்திருக்கிறது. கூர்ப்பை நம்புகிறவன் இஸ்லாத்தைவிட்டு வெளியேறியவன் என்று அதில் சொல்லப்பட்டதாம். அந்தப் பிள்ளை பாடத்தை வெறுக்கவில்லை. பரீட்சையில் சோம்பல்படவும் இல்லை. மதிப்பெண்ணை இழந்தாலும் ஈமானை இழக்கக் கூடாது என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அந்த முடிவின் பின்னாலிருந்த இறையச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால், அப்படி ஒரு முடிவை எடுக்க வேண்டிய நிலைக்கு பதினேழு வயதுப் பிள்ளை ஒன்றைத் தள்ளியது யார் என்ற கேள்வி என்னை விடவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

ஒரு பிள்ளையின் அரைப் பக்கம் ஏன் பெரிய விடயம்?

நான் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், கிளிநொச்சியின் நாச்சிக்குடா என்று எங்கள் ஊர்கள் ஒரு சில நாட்களில் வெறுமையாகின. புத்தளத்து அகதி முகாமில், ஓலைக் கொட்டிலில், குப்பி விளக்கில்தான் நான் விஞ்ஞானம் படித்தேன். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது பள்ளிவாசலையும் பாடசாலையையும் காடு மூடியிருந்தது.

இன்றும் வன்னியின் மூன்று மாவட்டங்களும் பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டில் இடம்பெறுகின்றன. உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவுசெய்யும் முஸ்லிம் பிள்ளைகள் எங்கள் பகுதியில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். எங்களுக்கு வைத்தியர்கள் வேண்டும், தாதியர் வேண்டும், விவசாயப் போதனாசிரியர்கள் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் விஞ்ஞான ஆசிரியர்கள் வேண்டும். உயர்தர உயிரியல் பாடத்திட்டத்தில் அங்கிகளின் கூர்ப்பும் பல்வகைமையும் ஒரு முழு அலகு. லாமார்க்கின் கொள்கை, டார்வின் - வொலஸ் கொள்கை, நவ டார்வினிசம் மூன்றும் அதில் உள்ளன. ஒரு புள்ளி குறைந்தால் பல்கலைக்கழக வாசல் மூடிவிடும் நாட்டில், ஒரு முழு அலகைப் பயந்து ஒதுக்குவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

எனினும், பரீட்சைப் புள்ளியைவிட முக்கியமான ஒன்றும் இதில் இருக்கிறது. மார்க்கம் ஒரு பக்கம், அறிவு மறு பக்கம், இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், எல்லாப் பிள்ளைகளும் அந்த மாணவியைப் போல மார்க்கத்தைத் தெரிவுசெய்வார்கள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

2023: அயல் நாடுகள் மூன்றில் நடந்தவை

இது எங்கள் வகுப்பறையோடு முடிந்துபோகும் பிரச்சினையல்ல. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் எமது அயலில் உள்ள மூன்று நாடுகளில் கூர்ப்புப் பாடம் செய்தியானது.

பங்களாதேஷில் அவ்வருடம் அறிமுகமான புதிய பாடத்திட்டத்தின் வரலாறு - சமூக விஞ்ஞானப் பாடநூல்களுக்குக் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. மனிதக் கூர்ப்புப் பற்றிய பகுதி அதற்கான காரணங்களில் ஒன்று. பெப்ரவரியில் ஆறாம், ஏழாம் வகுப்புக்குரிய இரண்டு நூல்கள் மீளப் பெறப்பட்டன.

இந்தியாவில், பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலிலிருந்து கூர்ப்புப் பகுதி நீக்கப்பட்டது. பாடச் சுமையைக் குறைப்பதாகக் காரணம் சொல்லப்பட்டது. 1,800க்கும் அதிகமான விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்னர், 2018 ஜனவரியில், அந்நாட்டின் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங் டார்வினின் கொள்கை தவறு என்றும், குரங்கு மனிதனாக மாறியதை எங்கள் முன்னோர் யாரும் கண்டதாகச் சொல்லவில்லை என்றும் பேசியிருந்தார். கூர்ப்பை மறுப்பது முஸ்லிம்களுக்கு மாத்திரம் உரிய குணம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது சம்பவம் ஓர் ஆசிரியனாக என்னை அதிகம் பாதித்தது. அவ்வருடம் ஒக்டோபரில், பாகிஸ்தானின் பன்னு நகரில் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பிக்கும் ஷேர் அலி, மார்க்க அறிஞர்கள் சிலர் சூழ்ந்திருக்க, டார்வினின் கொள்கையைக் கைவிடுவதாக எழுதப்பட்ட ஒரு தாளை வாசிக்க வைக்கப்பட்டார். பாடத்திட்டத்தில் உள்ளதைக் கற்பித்த ஒருவர், அதைக் கற்பித்ததற்காக மன்னிப்புக் கேட்பது போன்ற அந்தக் காட்சி உலகம் முழுவதும் பரவியது. அதனால் இஸ்லாத்துக்கு என்ன கண்ணியம் கிடைத்தது என்று எனக்கு விளங்கவில்லை.

முஸ்லிம் உலகம் முழுவதும் இப்படித்தான் என்று இதிலிருந்து முடிவெடுப்பதும் பிழை. பியூ ஆய்வு நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதனும் ஏனைய உயிர்களும் காலப்போக்கில் கூர்ப்படைந்தன என்று கருதும் முஸ்லிம்கள் கசகஸ்தானில் நூற்றுக்கு 79 பேர், லெபனானில் 78 பேர். பாகிஸ்தானில் அது 30, ஆப்கானிஸ்தானில் 26. எல்லோரும் ஓதுவது ஒரே குர்ஆனைத்தான். ஆகவே வேறுபாடு வேதத்தில் இல்லை; நாட்டின் கல்வியிலும் வரலாற்றிலும்தான் இருக்கிறது.

முதலில், கொள்கை சொல்வது என்ன?

எமது மிம்பர்களில் இந்த விடயம் பெரும்பாலும் ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது: “மனிதன் குரங்கிலிருந்து வந்தானாம்!” ஜமாஅத்தினர் சிரிப்பார்கள். கதீப் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்.

உண்மையில் உயிரியல் அப்படிச் சொல்லவில்லை. இன்று வாழும் குரங்கு எதுவும் மனிதனின் பாட்டனார் அல்ல. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பல இலட்சம் தலைமுறைகளுக்கு முன்னர் பொதுவான ஒரு மூதாதை இனம் இருந்தது என்பதே அதன் கூற்று. உயிர்ச்சுவடுகளும், உடலமைப்பு ஒப்பீடும், டிஎன்ஏ ஒப்பீடும் தனித்தனியாக ஒரே திசையைக் காட்டுவதால்தான் விஞ்ஞானிகள் அதை ஏற்கிறார்கள். “கொள்கைதானே, நிரூபிக்கப்படவில்லையே” என்ற வாதமும் சரியல்ல. விஞ்ஞானத்தில் கொள்கை என்பது ஊகம் அல்ல. பல அவதானங்களை ஒன்றாக விளக்குகின்ற, சோதனைக்கு நிற்கின்ற விளக்கம். கிருமிகளால் நோய் வருகிறது என்பதும் ஒரு கொள்கைதான்.

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்வேன். முதல் உயிர் எப்படித் தோன்றியது என்பது வேறு கேள்வி; தோன்றிய உயிர்கள் எப்படிப் பலவாகின என்பது வேறு கேள்வி. கூர்ப்புக் கொள்கை பேசுவது இரண்டாவதைப் பற்றி. இறைவன் இருக்கிறானா இல்லையா என்பது இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது கேள்வி. அதற்கு நுணுக்குக்காட்டியில் விடை கிடைக்காது. ரிச்சர்ட் டோக்கின்ஸ் போன்றவர்கள் கூர்ப்பை வைத்து நாத்திகத்துக்கு வாதாடும்போது, அவர்கள் விஞ்ஞானத்தின் எல்லையைத் தாண்டித் தமது தத்துவத்தைப் பேசுகிறார்கள். அதை அப்படியே இனங்காணப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தத் தத்துவத்தை மறுப்பதற்காக, அவர்கள் கையில் உள்ள உயிரியலையும் சேர்த்து வீசிவிடத் தேவையில்லை.

எங்கள் பாடநூலில் டார்வினோடு சேர்த்து எழுதப்படும் வொலஸ், தனது கருத்தை 1858இல் எழுதி அனுப்பியது முஸ்லிம் சுல்தான்கள் ஆண்ட தெர்னாத்தே தீவிலிருந்து. அவருக்காகப் பறவைகளைச் சேகரித்து, பதப்படுத்தி, பல வருடங்கள் அவரோடு தீவு தீவாக அலைந்தவர் சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர். இதைச் சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உலமாக்கள் சொன்னது ஒன்றல்ல

“இஸ்லாம் கூர்ப்பை மறுக்கிறது” என்று ஒற்றை வரியில் சொல்பவர்கள், இந்த விடயத்தில் அறிஞர்களுக்கிடையே நூறு வருடங்களுக்கு மேலாக நடந்துவரும் உரையாடலை மறைத்துவிடுகிறார்கள்.

லெபனானின் திரிப்போலியைச் சேர்ந்த அறிஞர் ஹுஸைன் அல்ஜிஸ்ர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘அர்ரிஸாலா அல்ஹமீதிய்யா’ என்ற நூலில் டார்வினுடைய கொள்கையைப் பற்றி எழுதினார். அவர் அக்கொள்கையின் ஆதரவாளர் அல்லர். கிடைத்துள்ள ஆதாரம் போதாது, ஆகவே வேத வசனங்களை அவற்றின் வெளிப்படையான பொருளிலேயே கொள்ள வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. ஆனால், மறுக்க முடியாத ஆதாரம் கிடைக்குமானால் வசனங்களுக்கு விளக்கம் காண இடமுண்டு, படைத்தவன் அல்லாஹ் என்ற அடிப்படை மாறாதவரை அது ஈமானைப் பாதிக்காது என்றும் சொன்னார். உதுமானிய கிலாபத்தின் காலத்தில், பாரம்பரிய ஸுன்னி ஆலிம் ஒருவர் இப்படி எழுத முடிந்தது.

இன்றைய அறிஞர்களின் கருத்துக்களைத் தொகுத்துப் பார்த்தால் நான்கு நிலைப்பாடுகள் தெரிகின்றன. கூர்ப்பை முழுமையாக மறுப்பது ஒன்று. தாவரங்கள், விலங்குகளில் அதை ஏற்று, மனிதனை மாத்திரம் அல்லாஹ் தனியாகப் படைத்தான் என்பது இரண்டாவது. யாஸிர் காதி போன்றவர்கள் இதை ஒட்டிப் பேசியிருக்கிறார்கள். ஆதம் (அலை) அவர்களின் படைப்பு அற்புதமானது, தனியானது. ஆனால் அவர்களுக்கு முன்னரோ அவர்கள் காலத்திலோ வேறு மனித உருவினர் பூமியில் இருந்தார்களா என்பது பற்றி வேதம் மௌனமாக இருக்கிறது, ஆகவே அதில் மார்க்கத்தின் பெயரால் மறுக்கவோ வலியுறுத்தவோ தேவையில்லை என்பது மூன்றாவது. றியாத் கிங் ஸஊத் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் டேவிட் சொலமன் ஜலாஜெல் இதை விரிவாக எழுதியுள்ளார். நான்காவது, மனிதன் உட்பட எல்லாவற்றிலும் கூர்ப்பை ஏற்பது. இந்நான்கையும் இமாம் கஸ்ஸாலியின் அளவுகோலில் நிறுத்துப் பார்த்து ஷுஐப் அஹமத் மலிக் 2021இல் ஒரு முழு நூலே எழுதினார்.

நன்றாகக் கவனித்தால் உண்மையான கருத்து முரண்பாடு ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது: ஆதம் (அலை). அல்லாஹ் அவர்களைக் களிமண்ணிலிருந்து படைத்தான் என்றும், ஈஸா (அலை) அவர்களின் உதாரணம் ஆதமின் உதாரணம் போன்றது என்றும் அல்குர்ஆன் சொல்கிறது. தந்தையின்றிப் பிறந்த ஈஸாவை அற்புதமாக ஏற்கும் ஒரு முஸ்லிம், ஆதமின் படைப்பையும் அற்புதமாக ஏற்பதில் அறிவுக்கு முரணான எதுவும் இல்லை. அற்புதம் என்பதே வழமைக்கு விலக்கு. வழமையை ஆராய்வது விஞ்ஞானம். நான் நிற்பது இந்த இடத்தில். ஆதம் விடயத்தில் வேத வசனத்தைப் பற்றிக்கொள்கிறேன். மீன், தவளை, பறவை, யானை, நுளம்பு ஆகியவற்றின் வரலாற்றைப் பாடநூலில் உள்ளபடியே கற்பிக்கிறேன். அதில் என் மனச்சாட்சிக்கு உறுத்தல் எதுவும் இல்லை.

“எழுமாறாக” என்ற சொல்

எங்கள் பாடநூல் விகாரங்கள் எழுமாறாக நிகழ்கின்றன என்கிறது. எழுமாறாக நடந்தால் அங்கே அல்லாஹ்வுக்கு என்ன வேலை என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி.

அவனிடம் நான் திருப்பிக் கேட்டது இது: “உன்னைப் படைத்தது யார்?” “அல்லாஹ்.” “உம்மாவின் வயிற்றில் கருக்கட்டல் நடந்து, கலம் பிரிந்து, பத்து மாதம் வளர்ந்துதானே வந்தாய்? கோடிக்கணக்கான விந்துகளில் எது முட்டையை அடையும் என்பதும் எங்கள் கணக்கில் எழுமாறுதான். அதனால் அல்லாஹ் உன்னைப் படைக்கவில்லை என்று ஆகிவிட்டதா?” அவன் சிரித்துவிட்டான்.

வன்னியில் மழைக்காக ஸலாத்துல் இஸ்திஸ்கா தொழுகிறோம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகினால்தான் எங்கள் குளங்கள் நிறையும் என்பதும் எங்களுக்குத் தெரியும். வானிலை அறிக்கையைக் கேட்ட எந்த விவசாயியும் துஆவை நிறுத்தியதில்லை. எழுமாறு என்பது எமது கணிப்பின் எல்லையைக் காட்டும் சொல்; அல்லாஹ்வின் அறிவுக்கு எல்லை வகுக்கும் சொல் அல்ல. நெருப்பு பஞ்சை எரிப்பதுகூட அல்லாஹ் அமைத்த வழமைதான், நெருப்பின் சொந்த ஆற்றல் அல்ல என்று வாதிட்ட அஷ்அரி மரபில் வந்தவர்கள் நாம். காரணங்களைக் கண்டறிவது அல்லாஹ்வை வெளியேற்றும் என்று பயப்பட வேண்டிய கடைசிச் சமூகம் நாமாகத்தான் இருக்க முடியும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘தஹாபுதுல் பலாஸிபா’வின் தொடக்கத்திலேயே இந்த ஆபத்தை எச்சரித்திருக்கிறார்கள். அன்றைய தத்துவவாதிகளைக் கடுமையாக விமர்சிக்க எழுதப்பட்ட நூல் அது. ஆனால் கிரகணம் எப்படி நிகழ்கிறது என்று கணிதத்தால் நிறுவப்பட்டதை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன், மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்று அதில் சொல்கிறார்கள். கணக்குத் தெரிந்தவன் தன் கணக்கில் சந்தேகப்பட மாட்டான். மார்க்கத்தில்தான் சந்தேகப்படுவான் என்பது அவர்களின் கவலை. ஏறத்தாழ 900 வருடங்களுக்கு முன்னர் சொன்னது இன்றைய எமது வகுப்பறைக்கு அப்படியே பொருந்துகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். “டார்வினுக்கு முன்னரே எங்கள் அல்ஜாஹிழும் இப்னு கல்தூனும் கூர்ப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள்” என்று பெருமை பேசுவதும் நேர்மையல்ல. இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் கனிமம், தாவரம், விலங்கு, குரங்கு, மனிதன் என்ற படிவரிசையைப் பற்றிப் பேசுகிறார். அது ஆழமான அவதானம். ஆனால் அது இயற்கைத் தேர்வுக் கொள்கை அல்ல. அதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் வேறு: இத்தகைய விடயங்களைப் பயமின்றிப் பேசிய ஒரு சூழல் எங்களிடம் இருந்தது.

ஹாரூன் யஹ்யா என்ற பெயரில் வந்த வர்ணப் புத்தகங்கள் ஒரு காலத்தில் எமது வீடுகளிலும் நூலகங்களிலும் நிறைந்திருந்தன. நானும் புத்தளத்தில் இருந்தபோது அவற்றை ஆவலோடு வாசித்தேன். பின்னர் உயிரியலை முறையாகப் படித்தபோதுதான் அவற்றில் இருந்த பிழைகள் தெரிந்தன. அந்தப் பெயரில் எழுதிய துருக்கியின் அத்னான் ஒக்தாருக்கு, பாலியல் குற்றங்கள் உள்ளிட்ட குற்றச்சாட்டுக்களில் 2021இல் நீதிமன்றம் ஆயிரம் வருடங்களுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. ஒருவரின் குற்றம் அவரது வாதத்தைப் பொய்யாக்காது. உயிரியலே அதைப் பொய்யாக்கியது. ஆனாலும் ஆராயாமல் யாரைப் பின்தொடர்ந்தோம் என்று எம்மையே கேட்டுக்கொள்ள அது ஒரு சந்தர்ப்பம்.

எங்கள் மண்ணும் எங்கள் நுளம்பும்

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை அறியாதவர் வன்னியில் இல்லை. ஆனால் இலங்கையின் தொல்லியல் நூல்களில் இரணைமடு என்ற பெயர் குளத்துக்காக வருவதில்லை. அப்பகுதியில் செம்மண்ணும் பரற்கற்களும் கொண்ட பழைய படிவுகளுக்கு ஆய்வாளர்கள் ‘இரணைமடு உருவாக்கம்’ என்று பெயரிட்டார்கள். அதில் ஆதி மனிதர் செதுக்கிய கல்லாயுதங்கள் கிடைத்தன. கலாநிதி ஷிரான் தெரணியகல அவற்றின் காலத்தை ஏறத்தாழ 1,25,000 வருடங்கள் என்று கணித்தார். களுத்துறை மாவட்டத்தின் பாஹியன்கல குகையில் கிடைத்த மனித எச்சங்கள் பல்லாயிரம் வருடங்கள் பழமையானவை.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் கேட்டான்: “அப்ப ஆதம் நபி எத்தனை வருஷத்துக்கு முன்னால சேர்?” நான் சொன்னேன், அல்குர்ஆன் அதற்குத் திகதி தரவில்லை. உலகம் படைக்கப்பட்டு ஆறாயிரம் வருடங்கள்தான் என்ற கணக்கு, பைபிளின் வம்ச வரலாற்றைக் கூட்டி ஐரோப்பியப் பாதிரிமார் போட்ட கணக்கு. அது எமது அகீதாவில் இல்லை. பூமியில் பயணம் செய்து படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பாருங்கள் என்று அல்அன்கபூத் அத்தியாயம் சொல்கிறது. எங்களுக்குப் பயணம்கூடத் தேவையில்லை. இரணைமடு அருகிலேயே இருக்கிறது.

கூர்ப்பு தூரத்து வரலாறு மாத்திரமல்ல. வன்னியில் வயதானவர்களைக் கேட்டால் மலேரியாக் காய்ச்சலைப் பற்றிச் சொல்வார்கள். 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர்கள் என்ற அளவுக்குக் குறைந்த மலேரியா, அந்தத் தசாப்தத்தின் முடிவில் ஐந்து இலட்சம் பேரைத் தாக்கும் அளவுக்குத் திரும்பி வந்தது. மருந்து தெளிப்பதை நிறுத்தியதே அதற்கு முதற்காரணம். மீண்டும் தெளிக்கத் தொடங்கியபோது இன்னொரு சிக்கல் காத்திருந்தது: நுளம்புகள் டிடிடிக்கு எதிர்ப்புப் பெற்றிருந்தன. மருந்துக்குத் தப்பிய சில நுளம்புகள் பெருகி, அவற்றின் இயல்பே அடுத்த தலைமுறைகளுக்குச் சென்றது. அதன் பெயர்தான் இயற்கைத் தேர்வு. 1970களில் மலத்தியனுக்கு மாற வேண்டியதாயிற்று. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இந்த எதிர்ப்பை விளங்கிக்கொள்ளாத ஒருவரால் மலேரியாவைக் கட்டுப்படுத்தவும் முடியாது, வைத்தியசாலையில் நுண்ணுயிர்க்கொல்லியைச் சரியாகக் கொடுக்கவும் முடியாது.

நாம் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்த நாட்கள்

2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிப்பது வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கினால் நிலத்தடி நீர் மாசடையும் என்றார்கள். பிறந்து இருபது நாட்களேயான குழந்தையின் உடலையும் எரித்தார்கள். அந்த மாதங்களில் நாம் என்ன சொன்னோம்? “எமது மார்க்கம் அடக்கச் சொல்கிறது” என்று மாத்திரமா சொன்னோம்? உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டலைக் காட்டினோம். வைரஸ் இறந்த உடலில் எவ்வளவு காலம் இருக்கும் என்று ஆய்வுகளைத் தேடினோம். சமுதாய மருத்துவ நிபுணர்களின் கல்லூரி அடக்கலாம் என்று அறிக்கை விட்டபோது அதைக் கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்பினோம். “விஞ்ஞானத்தைக் கேளுங்கள்” என்பதே எமது கோஷமாக இருந்தது.

2021 பெப்ரவரி 25இல் அனுமதி வந்ததும், மார்ச் தொடக்கத்தில் அடக்கும் இடமாக எங்கள் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு அறிவிக்கப்பட்டது. நீண்ட போராட்டத்தின் பின் அப்போதுதான் தம் மண்ணில் மீளக் குடியேறியிருந்த கத்தோலிக்க மீனவ மக்கள் அதை எதிர்த்தார்கள். இரண்டு காயப்பட்ட சமூகங்களை ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தும் அந்த முயற்சி கைவிடப்பட்டு, ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில், கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. எரித்ததற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இருக்கவில்லை என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டெல்டா, ஒமிக்ரோன் என்று அந்த வைரஸ் உருமாறியதைப் பின்தொடர்ந்த விஞ்ஞானமும், எங்கள் பிள்ளைகள் படிக்கத் தயங்கும் கூர்ப்பு விஞ்ஞானமும் ஒன்றுதான். எமது ஜனாஸாவைக் காப்பாற்ற அழைத்த சாட்சியை, வகுப்பறையில் எதிரியாக நிறுத்த முடியாது. மற்றவர்கள் ஆதாரமின்றிப் பேசியபோது எமக்கு வலித்தது. அதே அளவுகோலை எம்மீதும் வைப்பதே நீதி.

முன்னரும் ஒருமுறை பயந்தோம்

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கல்வி கற்றால் பிள்ளைகள் மதம் மாறிவிடுவார்கள் என்று எமது முன்னோர் பயந்தார்கள். மிஷனரிப் பாடசாலைகளைப் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் விளைவு என்ன? ஏனைய சமூகங்கள் முன்னேற, நாம் பின்தங்கினோம். சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிப் போராடியது அந்தப் பயத்தோடுதான். ஆங்கிலக் கல்வியைத் தடுப்பது அவர் கண்ட வழி அல்ல. மார்க்கத்தோடு சேர்த்து அதைக் கற்கும் இடத்தை நாமே அமைப்பதுதான் அவர் கண்ட வழி. 1892இல் கொழும்பில் தொடங்கப்பட்டு, பின்னர் ஸாஹிராவாக வளர்ந்த மத்ரஸா அப்படி வந்தது. வாசலை மூடாமல், உள்ளே நாமும் உட்காருவது என்ற அந்த வழி இன்றும் பழசாகவில்லை.

அதனால் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஜம்இய்யத்துல் உலமாவின் மாவட்டக் கிளைகள் உயிரியல் ஆசிரியர்களை அழைத்து ஒரு நாள் ஒன்றாக உட்கார வேண்டும். நாங்கள் பாடநூலைக் கொண்டுவருகிறோம்; நீங்கள் கிதாபுகளைக் கொண்டுவாருங்கள். எது விஞ்ஞானம், எது நாத்திகத் தத்துவம், எது அகீதா, எது அறிஞர்களின் கருத்து வேறுபாடு என்று பிரித்து, பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய நான்கு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றையாவது எழுதுவோம். கதீப்மார் படித்தறியாத பாடத்தைக் கேலிசெய்வதைத் தவிர்க்க வேண்டும். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் உயர்தர மாணவன் அதைக் கவனிக்கிறான். காபிர் என்ற சொல்லை வீசும் முன்னர், அந்தச் சொல்லில் அவசரப்படுவதைக் கண்டிக்கவே கஸ்ஸாலி இமாம் ‘பைஸலுத் தப்ரிகா’வை எழுதினார்கள் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களும் “இது பரீட்சைக்கு மட்டும், நம்ப வேண்டாம்” என்று சொல்லி அலகை ஓட்டிவிடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். அப்படிச் சொல்லும்போது நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது நயவஞ்சகத்தை.

அந்த மாணவிக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்லி முடிக்கிறேன். “மகள், டார்வின் என்ன சொன்னார் என்று எழுதுவது ஷஹாதா சொல்வதல்ல. நீ அறிந்ததை அறிந்தபடி எழுதுவது அமானிதம். ஆதம் நபியைப் பற்றி அல்லாஹ் சொன்னதை நம்பு. தவளையைப் பற்றி நீ கண்டதை எழுது. இரண்டையும் படைத்தவன் ஒருவன்தான். அவனுடைய வேதத்தில் உண்மை இருக்கிறது என்று நம்புகிறவள், அவனுடைய படைப்பில் கிடைக்கும் உண்மைக்குப் பயப்பட வேண்டியதில்லை.”

அவள் அந்த விடையை வீட்டில் எழுதி, மறுநாள் கொண்டுவந்து தந்தாள். ஒன்றரைப் பக்கம். முழுப் புள்ளியும் கொடுத்தேன். பதிவேட்டில் அது சேராது என்று தெரிந்தும் அவள் எழுதியிருந்தாள்.

அல்லாஹ் எமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள அறிவையும், எமக்கு அவர்களின் கேள்விகளைத் தாங்கும் பொறுமையையும் தருவானாக.